இடைவெளிக் காவலர்கள்

"நான் யாருன்னு சொன்னதுக்கு அப்புறந்தான் கணக்குப் போட விடுவாங்களா, மிஸ் லுவெனியா?"

இதைக் கேட்டபோது டெல்ஃபின் கேட்ஸுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மா கோழி இறைச்சித் தொழிற்சாலையில் பொழுது சாயும்வரை வேலை பார்த்தாள். அதனால் பள்ளி விட்டதும் டெல்ஃபின் உயர்நிலைப் பள்ளி நூலகத்துக்கு வந்து, லுவெனியா ப்ரூவரின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். லுவெனியா அங்கே நூலக உதவியாளர். வருடத்தில் சில சனிக்கிழமைகளில் மட்டும், தேசிய மதிப்பளவு நிறுவனம் நடத்தும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எங்கள் டன்மோர் ஊரின் மேற்பார்வையாளர்.

தேர்வுக்கு முந்தைய நாள் அவர் நிறுவனத்தின் கையேட்டைச் சத்தமாக வாசித்துப் பழகுவார். அதில் கட்டம் கட்டிய வரிகள் உண்டு. அவற்றை மட்டுமே மாணவர்களிடம் வாசிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேதாகமத்தின் கடைசிப் பக்கத்திலும் இதே எச்சரிக்கை இருப்பதால் லுவெனியாவுக்கு இது விசித்திரமாகத் தோன்றியதில்லை. அன்று அவர் முதல் கட்டத்தை வாசித்தார்: "பின்னணித் தாளை எடுங்கள். உங்கள் இனத்தைக் குறிக்கும் வட்டத்தை முழுமையாகக் கருமையாக்குங்கள். அதன் பிறகே வினாத்தாளைத் திறக்க வேண்டும்."

அப்போதுதான் மேசைக்குக் கீழிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றார் லுவெனியா.

"கணக்குக்கு அது தெரியணுமா?"

லுவெனியா கையேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். குழந்தையும் திரும்பப் படம் வரையப் போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை. வேதாகமத்தில் சங்கீதம் வாசிக்கும்போது இரண்டு வசனங்களுக்கு நடுவில் வந்து நின்றது. தேர்வு நாட்களில் கூடைப்பந்து அரங்கில் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு வட்டத்தைக் கறுப்பாக்கும்போது, பென்சில்களின் சரசரப்புக்கு அடியில் மேசைக்குக் கீழே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அவருக்குத் தோன்றும். குனிந்து பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள்.

எட்டு வருடம் போனது. டெல்ஃபின் தானே தேர்வு எழுத வந்தாள். பொறியியல் படிக்க அவளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழு உதவியோடு ஓர் இடம் தயாராக இருந்தது. தேர்வு மதிப்பெண் வசந்தத்துக்குள் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அப்படிப் போனால் கோழித் தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து மேசை காலியாக இருக்கிறது என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

தேர்வுக்கு முந்தைய மாலை எங்கள் கறுப்பர் திருச்சபையில் மீன் வறுவல் விருந்து. லுவெனியா கையேட்டையும் கையோடு எடுத்துப்போய், சாப்பிட்டுக்கொண்டே வாசித்துப் பழகினார். அவருடைய சபைத் தோழி சிஸ்டர் எர்லீன் செய்த பீச் பழப் பலகாரத்தின் பாகு கொஞ்சம் பக்கத்தில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. காலைக்குள் பாகு காய்ந்து இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிறுவனம் தொடங்கிய நாள் முதல் எந்த ஊரிலும் நடக்காத தவறு இப்படித்தான் எங்கள் ஊரில் நடந்தது. லுவெனியா ஒட்டிய பக்கத்தைத் தாண்டி, நேரே "வினாத்தாளைத் திறங்கள்" என்ற கட்டத்தை வாசித்துவிட்டார்.

தேர்வு முடிந்த பிறகுதான், மூலையில் தொடப்படாமல் கிடந்த பின்னணித் தாள்களின் கட்டு கண்ணில் பட்டது. நகத்தால் பக்கங்களைப் பிரித்து, விட்டுப்போன கட்டத்தை ஒரு சொல் குறையாமல் வாசித்தார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

லுவெனியா பொய் பேசத் தெரியாதவர். நடந்ததை, பீச் பாகு உட்பட, அன்றே நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் எர்லீன் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி எழுதின? கர்த்தருக்குத் தெரிஞ்சா போதாதா, கம்பெனிக்கும் தெரியணுமா?"

மதிப்பெண்கள் வரவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு வந்தன. கறுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கும் வரவில்லை. அதற்குப் பதிலாக லுவெனியாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. டன்மோர் மையத்தில் வெள்ளை மாணவர்களின் மதிப்பெண்ணும் கறுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அவசர விசாரணைக்காக அவர் தலைமையகத்துக்கு வரவேண்டும் என்று அதில் இருந்தது.

எர்லீன் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து, பேருந்து நிலையம்வரை வந்து வழியனுப்பினாள். "என் பாகுக்கு இவ்வளவு மார்க் வரும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சட்டி பண்ணிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு, சிரிக்காமல் லுவெனியாவின் கையை அழுத்தினாள்.

தலைமையகம் வடக்கே, பெரிய புல்வெளிக்கு நடுவில் இருந்தது. வாத்துகள் நடந்தன. இனங்களின் மதிப்பெண்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைக் கவனிக்கும் இடைவெளித் துறையின் தலைவர் டாக்டர் ஹால்வர்சன் வாசலுக்கே வந்து வரவேற்றார். மெல்லிய குரல், கனிவான கண்கள். துக்க வீட்டில் வந்தவர்களைக் கூட்டிப்போவதுபோல முழங்கையைத் தாங்கிப் பிடித்து லுவெனியாவை நடத்திச் சென்றார்.

முதலில் கேள்வி திருத்தும் குழுவின் அறை. குழுவினர் ஒரு பழைய கணக்கின் மேல் மூன்று மாதமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாய்மரப் படகு ஓட்டும் எட்வர்ட் என்ற பையன் அந்தக் கணக்கில் இருந்தான். கறுப்பு மாணவர்களுக்கு அது அந்நியமாக இருக்கலாம் என்பதால் எட்வர்டின் பெயரை ஜமால் என்று மாற்றியிருந்தார்கள்.

"படகு?" என்று லுவெனியா கேட்டார்.

"படகு அப்படியே இருக்கு. படகு நல்லா சோதிக்கப்பட்ட படகு" என்றார் டாக்டர் ஹால்வர்சன்.

அடுத்தது ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள். தேர்வில் சேர்க்காமல் தள்ளிவைத்த கேள்விகள் அங்கே இருந்தன. கறுப்பு மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிட நன்றாகச் செய்த கேள்விகள் அவை என்று டாக்டர் விளக்கினார். அப்படிப்பட்ட கேள்வி தேர்வின் மற்ற பகுதியோடு ஒத்துப்போகாது. அதை நடத்தை சரியில்லாத கேள்வி என்பார்கள்.

லுவெனியா ஒன்றை எடுத்து வாசித்தார். எளிமையான, நல்ல கேள்வியாகத்தான் இருந்தது. "இதுல என்ன தப்பு, டாக்டர்?"

"கேள்வியில தப்பே இல்லை. விடையும் சரி. சரியாப் போட்டவங்கதான் சரியில்லை."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

இழுப்பறையை மூடும்போது உள்ளே ஏதோ நகர்ந்ததுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்தது. காகிதம் அசைந்திருக்கும் என்று லுவெனியா நினைத்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் இடைவெளித் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். நீண்ட வெள்ளைச் சுவர். அதன் மேல் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறத்தில், வருட வாரியாக மதிப்பெண் கோடுகள் தீட்டப்பட்டிருந்தன. உயரத்தில் ஆசியர் கோடும் வெள்ளையர் கோடும் ஓடின. கீழே பழங்குடியினர் கோடு, லத்தீனோ கோடு. எல்லாவற்றுக்கும் அடியில், குழந்தையின் கண் உயரத்தில், கறுப்பர் கோடு. முதல் சில வருடங்கள் கோடுகள் கொஞ்சம் நெருங்கி வந்திருந்தன. அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல அப்படியே நின்றுவிட்டன. மேற்கோடு ஏறினால் கீழ்க்கோடும் ஏறியது. இறங்கினால் இதுவும் இறங்கியது. நடுவில் இருந்த வெறும் சுவர் மட்டும் அகலம் குறையாமல் கூடவே வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊழியர்கள் எல்லாரும் இங்கே வரிசையாக நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். ஓவியர் ஏணியில் ஏறிக் கோடுகளை ஒரு கை அகலம் நீட்டுவார். நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவிப்பார். அதன் பிறகு இறாலும் வெள்ளை கேக்கும் பரிமாறப்படும். சுவர் முடியப்போவதால் அடுத்த வருடம் கட்டடத்தை நீட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

"சீக்கிரமே இடைவெளி மூடிட்டா, நீட்டின கட்டடம் வீணாப்போகாதா?" என்று லுவெனியா அப்பாவியாகக் கேட்டார்.

டாக்டர் ஹால்வர்சன் இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிஸஸ் ப்ரூவர், இந்தத் துறையை நம்பி அறுபது குடும்பம் இருக்கு. எல்லாரும் நல்லவங்க. இந்த இடைவெளிக்காக அழுதவங்க. நான் உட்பட."

பேச்சு நின்றதும் தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. பென்சில்களின் சரசரப்பு. பல நூறு பென்சில்கள், மூச்சடக்கிய ஒரு கூட்டத்தின் நடுவில். குளிர்சாதனக் குழாய் என்றார் டாக்டர். ஆனால் மாலை ஐந்துக்கு மேல் இந்தப் பக்கம் யாரும் தனியாக வருவதில்லை என்றும் சொன்னார்.

கோடுகள் தொடங்கும் இடத்துக்கு இடப்பக்கம் சுவர் வெறுமையாக இருந்தது. லுவெனியா அங்கே போய் நின்றார். "இதுக்கு முன்னாடி, டாக்டர்?"

"இதுக்கு முன்னாடி இடைவெளியே கிடையாது."

"கிடையாதா?"

"அளக்கலை."

லுவெனியா உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சில்லென்றிருந்தது. அளக்காத காலத்தின் அந்த வெறுமைக்குள், தேர்வு எழுத வந்த பெண்ணாக அவரும் இருந்தார். பதினேழு வயது, அக்காவின் கோட்டு, ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமைக் காலை. கறுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுத மாவட்டத் தலைநகரின் வெள்ளையர் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. நிலக்கரி கொட்டும் நிலவறையில் அவர்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். விரல் விறைத்துப்போகும் என்று பயந்துகொண்டே இறங்கினார்கள். ஆனால் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரை பெருக்கியிருந்தது. லுவெனியாவின் மேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் யாரோ சோப்பு டப்பாவின் அட்டையைக் கிழித்து மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்துக்குள் வர, தேர்வு எழுதும் பிள்ளைகளைத் தவிர, எங்கள் ஆட்கள் யாருக்கும் உத்தரவு கிடையாது. அடுப்பு மூட்டியது யார் என்று பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் ஜெபத்தின் கடைசியில் லுவெனியா ஒரு வரி சேர்த்துக்கொள்வார்: அட்டை வைத்தவரை ஆசீர்வதியும்.

இப்போது அந்தச் சுவருக்குள்ளிருந்து நிலக்கரி வாசனை வந்தது. அவரோடு எழுதிய மற்றவர்களும் உள்ளே இருந்தார்கள். கோடு இல்லாதவர்கள். பாதிப் பேர் செத்தும் போய்விட்டார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆய்வுப் பிரிவின் க்ரிம்ஷா நோஞ்சான் உடம்போடு, சலவை கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார். பீச் பாகு ஒட்டிய கையேடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது.

பிள்ளைகள் பார்த்து எழுதினார்களா என்று முதலில் கேட்டார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விகளில் தவறு செய்திருப்பதால் அப்படி இருக்க முடியாது என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். லுவெனியா உதவினாரா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பதற்குக் கண்ணாடிப் பெட்டியே சாட்சி என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

"அப்ப பிள்ளைங்க மார்க்கைக் கொடுத்துடலாமே" என்றார் லுவெனியா.

க்ரிம்ஷா பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், நாங்க சொல்றதப் புரிஞ்சுக்குங்க. இந்த இடைவெளி மூடணும்னுதான் இருபது வருஷமாப் பாடுபடறோம். மாநாடு நடத்தறோம், அறிக்கை எழுதறோம். அது ஒரு சனிக்கிழமை காலையில, எங்களைக் கேக்காம, ஒரு பழப்பாகுல மூடிக்கிச்சுன்னா நாங்க எப்படி நம்பறது?"

"அளவுகோல் வளைஞ்சிருக்கான்னு பார்த்தீங்களா, ஐயா?"

"பார்க்காம இருப்போமா? வருஷா வருஷம் சோதிக்கறோம்."

"எதை வெச்சு?"

"அளவுகோலை வெச்சுத்தான்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. வடக்கே ஒரு பணக்காரப் பள்ளியிலும் இதேபோல மதிப்பெண் திடீரென்று ஏறியது என்று ஒருவர் நினைவூட்டினார். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் தனிப்பயிற்சிக்குக் கட்டணம் கட்டிய ரசீது இருந்தது. டன்மோர் பிள்ளைகளிடம் ரசீது இல்லை. கையில் எதுவும் இல்லாமல் நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

முடிவு அன்றே சொல்லப்பட்டது. டன்மோரின் கறுப்பு மாணவர்கள் தாங்கள் ஏன் நன்றாகச் செய்தோம் என்று திருப்தியான விளக்கம் தரவேண்டும். தராதவர்கள் மறுதேர்வு எழுதவேண்டும். பின்னணித் தாள் முதலில்தான் தரப்படும். லுவெனியா ப்ரூவர் இனி மேற்பார்வை செய்யக்கூடாது. அவருடைய நீண்ட சேவைக்கு நன்றி சொல்லித் தடித்த காகிதத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். டாக்டர் ஹால்வர்சன் வாசல்வரை வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. லுவெனியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எர்லீன் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சில் மீதியிருந்த பாதியை அவர் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க டாக்டர். முகம் வாடிப்போயிருக்கு" என்றார்.

மற்றப் பிள்ளைகள் அலுத்துப்போய், முந்தைய வருடம் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணே போதும் என்று விட்டுவிட்டார்கள். டெல்ஃபினால் அப்படி விட முடியவில்லை. விளக்கத்தில் அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: "கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தது." விடை தெரிந்திருப்பது விளக்கமாகாது என்று நிறுவனம் பதில் அனுப்பியது.

அவள் நூலகத்துக்கு வந்து லுவெனியாவின் மேசைக்கு எதிரே நின்றாள். இப்போது மேசைக்குக் கீழே உட்கார முடியாத உயரம்.

"நான்தாம்மா இதுக்கெல்லாம் காரணம். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றார் லுவெனியா.

"நீங்க பொய் சொல்லியிருந்தா, நான் யாரைப் பார்த்து வளர்ந்தேன்னு எனக்கே சந்தேகம் வந்திருக்கும். விடுங்க, மிஸ் லுவெனியா. இன்னொரு தடவை எழுதறேன். என்ன, பிப்ரவரியில அந்த அரங்கு ரொம்பக் குளிரும். அவ்ளோதான்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மறுதேர்வு. முந்தைய மாலையே க்ரிம்ஷா வந்து, கூடைப்பந்து அரங்கின் நட்டநடுவில் ஒரே ஒரு மேசையைப் போடவைத்துவிட்டுப் போனார். எழுதுவது ஒருத்தி, கண்காணிப்பது மூன்று பேர். அன்று நடந்தவை அவருடைய அறிக்கையில் முழுமையாக இருக்கின்றன. மாணவி பின்னணித் தாளை வாங்கிக்கொண்டு, "முதல்ல இதுவா?" என்று கேட்டாள். முதலில் இதுதான் என்று சொல்லப்பட்டது. மாணவி வட்டத்தை விளிம்பு தாண்டாமல், மிகுந்த பொறுமையோடு கருமையாக்கினாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, "சரி, கணக்குக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ஆரம்பிக்கலாமா?" என்றாள். இது தேவையற்ற உரையாடல் என்று பதிவு செய்யப்பட்டது.

அவள் வாங்கிய மதிப்பெண் முதல் தேர்வில் வாங்கியதைவிடப் பத்துப் புள்ளி அதிகம். இந்த வேறுபாட்டுக்கு அர்த்தமில்லை என்று நிறுவனம் தீர்ப்பளித்து, பழைய மதிப்பெண்ணையே, கவலையோடு உறுதிசெய்தது. வசந்தத்துக்குள் அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் டெல்ஃபின் ஊரை விட்டுப் போனாள். செப்டம்பரில் தாழ்வாரத்தில் மௌனம் காத்தார்கள். ஒரு மாணவியால் கோடு அசையாது. மற்றவர்களின் மதிப்பெண்கள் கணக்கில் சேரவில்லை. ஓவியர் ஏணியில் ஏறி, கோடுகளை ஒரு கை அகலம், முன்போலவே நீட்டினார். அன்று இறால் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

க்ரிம்ஷாவின் அறிக்கையில் ஒன்று மட்டும் இல்லை. அரங்கு எப்படி வெதுவெதுப்பாக இருந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளியில் வெப்பக் கொதிகலனை யாரும் மூட்டுவதில்லை. மூட்டச் சொல்லி நிறுவனமும் எழுதவில்லை.

மறுதேர்வு அன்று விடிவதற்கு முன் லுவெனியா நூலகத்துச் சாவிக்கொத்தோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். மேற்பார்வை செய்யக்கூடாது என்றுதான் அவருக்கு உத்தரவு. கொதிகலனைப் பற்றி உத்தரவில் ஒன்றுமில்லை. அதை மூட்டிவிட்டு, குழாய்கள் சூடேறிச் சடசடக்கத் தொடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு அரங்குக்குள் போனார். இருட்டில் அந்த ஒற்றை மேசை நின்றது. அதைச் சுற்றி, இத்தனை வருடம் அந்த அரங்கில் எழுதிவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் மூச்சடக்கி நிற்பதுபோல இருந்தது. அவர் பயப்படவில்லை. அவர்களை அவருக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாக, அக்காவின் கோட்டைப் போட்ட ஒரு பெண்ணும் இருந்திருக்கலாம்.

தரையைப் பெருக்கினார். மேசையின் மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். ஆடியது. ஒரு கால் குட்டை.

அட்டை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கைப்பையில் நிறுவனம் தந்த நன்றிக் கடிதம் இருந்தது. நல்ல தடித்த காகிதம். அதை நான்காக மடித்துப் பார்த்தார், போதவில்லை. இன்னொரு முறை மடித்து, முழங்காலிட்டு, குட்டைக் காலின் அடியில் செருகினார். முழங்காலில் இருந்தபோதே ஒரு வரி ஜெபமும் சொல்லிக்கொண்டார்.

எழுந்து மறுபடி அழுத்தினார். மேசை ஆடவில்லை.

வெளியே வெளுக்கத் தொடங்கியிருந்தது. பின்கதவைப் பூட்டிவிட்டு, டெல்ஃபினும் அவளுடைய அம்மாவும் வரக்கூடிய சாலையை விட்டு விலகி, ஓடைக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.